அரை மணி நேர இடைவெளி

1989 டிசம்பர் 6ஆம் திகதி பிபிசியில் ‘டொக்டர் ஹூ’ தொடரின் அத்தியாயம் ஒன்று ஒளிபரப்பானது. 26 ஆண்டுகள் ஓடிய தொடருக்கு அதுதான் முடிவு என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டுக்கான தயாரிப்பு வேலை தொடங்கவில்லை, அவ்வளவுதான். அதே 1989இல், அத்திலாந்திக்குக்கு இந்தப் பக்கம், தொடங்கி ஓராண்டே ஆன ஓர் இளையோர் கேபிள் அலைவரிசை அந்தத் தொடரைக் கையில் எடுத்தது. ரொறன்ரோவில் இருந்து இயங்கிய வைடிவிதான் அது. 1994 வரை அந்தத் தொடர் அங்கே ஓடியது. டொக்டர் ஹூவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1989க்குப் பிந்திய ஆண்டுகளை ஒன்றுமே நடக்காத காலம் போலத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கனடாவில் வளர்ந்த ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கோ அந்தத் தொடர் தொடங்கியதே அப்போதுதான்.

தொடரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டொக்டர் என்று மட்டும் அழைக்கப்படுகிற வேற்றுக்கிரகத்தவர் ஒருவர், வெளியே பார்த்தால் லண்டன் பொலிஸ் தொலைபேசிக் கூண்டாகத் தெரிகிற ‘டார்டிஸ்’ என்ற வாகனத்தில் ஏறி எந்தக் காலத்துக்கும் எந்தக் கிரகத்துக்கும் போவார். சாகும் நிலை வந்தால் அவர் உடல் மாறிப் புது ஆளாக எழும்புவார். நடிகரை மாற்றிக் கதையைத் தொடர அது வசதியான ஏற்பாடு. 1963இல் தொடங்கிய வில்லியம் ஹார்ட்னெல் முதல் 1989இல் இருந்த சில்வெஸ்டர் மக்கோய் வரை ஏழு பேர் டொக்டராக நடித்தார்கள்.

இந்தத் தொடர் பிறந்ததே நேர அட்டவணையில் இருந்த ஓர் இடைவெளியை அடைக்கத்தான். சனிக்கிழமை பின்னேரம் ‘கிராண்ட்ஸ்டாண்ட்’ என்ற விளையாட்டு நிகழ்ச்சி முடியும். பிறகு ‘ஜூக் பொக்ஸ் ஜூரி’ என்ற பாட்டு நிகழ்ச்சி வரும். இரண்டுக்கும் நடுவில் ஆட்கள் எழும்பிப் போகாமல், குடும்பமே இருந்து பார்க்கக்கூடிய ஒன்று வேண்டும் என்று பிபிசி நாடகப் பிரிவின் தலைவர் நினைத்தார். அவர் பெயர் சிட்னி நியூமன். 1917இல் ரொறன்ரோவில் பிறந்தவர். ரஷ்யாவில் இருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலும் அந்நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியிலும் தொழில் பழகிய பிறகே லண்டனுக்குப் போனார். தயாரிப்புப் பொறுப்பை இருபதுகளில் இருந்த வெரிட்டி லாம்பர்ட் என்ற பெண்ணிடம் துணிந்து ஒப்படைத்தார். முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன். அந்தக் கதையில் டொக்டரோடு பயணம் போகிறவர்களில் இரண்டு பேர் பள்ளிக்கூட ஆசிரியர்கள். ஒருவர் வரலாறு படிப்பிக்கிறவர், மற்றவர் விஞ்ஞானம். பிள்ளைகள் கதையோடு கதையாக எதையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நியூமனின் விருப்பம். முதல் அத்தியாயம் 1963 நவம்பர் 23ஆம் திகதி வந்தது, கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள். அந்தப் பரபரப்பில் பலர் பார்க்காமல் விட்டதால் அடுத்த வாரம் அதை மறுபடி போட்டார்கள்.

கனடாவுக்கு இந்தத் தொடர் வந்த வழி சீரானதல்ல. சிபிசி 1965 ஜனவரியில் தொடங்கி 26 அத்தியாயங்களோடு நிறுத்திவிட்டது. பிறகு நீண்ட வெற்றிடம். 1976இல் ஒன்ராறியோ மாகாணத்தின் கல்வி அலைவரிசையான டிவிஓ அதை மறுபடி கொண்டுவந்தது. கல்வி அலைவரிசை ஒரு கேளிக்கைத் தொடரைப் போட வேண்டும் என்றால் அதற்கு ஒரு நியாயம் காட்ட வேண்டும். அதனால் எதிர்காலவியல் பேராசிரியர் ஜிம் டேட்டர் தோன்றிக் கதையின் பின்னுள்ள கேள்விகளைப் பேசினார். அவருக்குப் பிறகு வந்தவர் ஜூடித் மெரில். வியட்னாம் போரை எதிர்த்து 1968இல் அமெரிக்காவை விட்டுக் கனடாவுக்கு வந்த விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் அவர். தன் புத்தகச் சேகரிப்பு முழுவதையும் ரொறன்ரோ பொது நூலகத்துக்குக் கொடுத்தவர். இன்றைக்கும் அந்தச் சேகரிப்பு அவர் பெயரோடு அங்கே இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் எழுத்தாளர் சனிக்கிழமை இரவில் கமெராவைப் பார்த்து, இப்போது நீங்கள் பார்த்த கதையில் காலம் என்பது என்ன, அதிகாரம் என்பது என்ன என்று பிள்ளைகளிடம் கேட்டார். தொலைக்காட்சி செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்றாக அதைச் சொல்வேன்.

வைடிவி அந்த வழியில் போகவில்லை. அது தொடங்கியது 1988 செப்டம்பர் 1ஆம் திகதி. நகைச்சுவை நடிகர் ஜோன் கண்டி முதல் நாள் நிகழ்ச்சியை நடத்தினார். ரொஜர்ஸ், சியூசி என்ற இரண்டு கேபிள் நிறுவனங்கள் பெரிய பங்குதாரர்கள். நிகழ்ச்சிகளுக்கு நடுவில் பேராசிரியரும் எழுத்தாளரும் வரமாட்டார்கள். ‘பீஜே’ என்று அழைக்கப்பட்ட இளம் தொகுப்பாளர்கள் வந்து பார்வையாளர்களோடு சும்மா கதைப்பார்கள். ஒரு நிகழ்ச்சி எதற்காக நல்லது என்று யாரும் விளக்கவில்லை. இது உங்களுக்காகப் போடுகிறோம், பாருங்கள் என்பதே அங்கிருந்த தோரணை.

வைடிவி இந்தத் தொடரை எடுத்ததற்குப் பின்னால் வியாபாரமும் இருந்தது. அமெரிக்காவின் சிறுவர் அலைவரிசையான நிக்கலோடியன் கனடாவில் ஓர் அலைவரிசையாக வந்தது 2009இல்தான். உள்நாட்டு அலைவரிசையோடு நேரடியாகப் போட்டியிடும் வெளிநாட்டு அலைவரிசைகளை ஒழுங்காற்று ஆணையமான சிஆர்டிசி அப்போது உள்ளே விடவில்லை. அந்தப் பாதுகாப்புக்குப் பதிலாகக் கனடாத் தயாரிப்புகளுக்கு நேரமும் பணமும் ஒதுக்கும் கடமை வைடிவிக்கு இருந்தது. உள்ளூரில் புதிதாக எடுக்கப் பெரிய செலவு பிடிக்கும். மீதி நேரத்தை நிரப்ப, எடுத்து முடித்துத் தயாராக இருக்கிற, சீக்கிரம் தீர்ந்துபோகாத வெளிநாட்டுத் தொடர்கள் வேண்டும். பிபிசியிடம் இருந்ததோ நூற்றுக்கணக்கான அரை மணி அத்தியாயங்கள். வாரத்துக்கு ஐந்து என்று போட்டால்கூட இரண்டு ஆண்டுக்கு மேல் இழுக்கும். லண்டனில் ஓர் இடைவெளியை அடைக்க ரொறன்ரோக்காரர் ஒருவர் யோசித்த தொடர், கால் நூற்றாண்டுக்குப் பிறகு அவருடைய ஊரில் இன்னோர் அலைவரிசையின் இடைவெளிகளை அடைத்தது.

அரை மணி அத்தியாயமாக ஒளிபரப்புவது என்பது சின்ன விஷயமல்ல. எல்லைக்கு அப்பால் அமெரிக்கப் பொது நிலையங்கள் பல, ஒரு கதையின் நாலு அத்தியாயங்களையும் ஒட்டி, நடுவில் வரும் தலைப்புகளை வெட்டி, ஒன்றரை மணி நேரப் படமாகப் போட்டன. அந்தக் காலத்து வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துக் கட்டி வைத்த புத்தகம் நம் வீடுகளில் இருந்ததே, அது மாதிரி. கட்டிய புத்தகத்தில் கதை முழுதாக இருக்கும். ஆனால் ஒரு வாரம் காத்துக் கிடந்து படித்த பதைப்பு அதில் இருக்காது. டொக்டர் ஹூவை எழுதியவர்கள் அந்தப் பதைப்பைக் கணக்கில் வைத்தே எழுதினார்கள். 25 நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஆபத்தில் மாட்ட வேண்டும்.

1963 டிசம்பரில் வந்த ஒரு முடிவைச் சொல்கிறேன். வரலாற்று ஆசிரியை பார்பரா, ஆளில்லாத நகரம் ஒன்றின் உலோக நடைவழிகளில் தனியாக அலைகிறாள். அவள் கடந்த பிறகு கதவுகள் தாமாகவே இறங்கி மூடுகின்றன. கைகளால் சுவரைத் தடவிக்கொண்டு போகிறாள், வழி முடிந்துவிடுகிறது. திரும்பிப் பார்க்கிறாள். எது வருகிறது என்று நமக்குக் காட்டப்படுவதில்லை, ஏனென்றால் இப்போது கமெராவே அதன் கண். திரையின் அடியில் இருந்து ஒரு கம்பி அவளை நோக்கி நீள்கிறது. அதன் நுனியில், தொட்டி அடைத்தால் நாம் எடுத்து அழுத்துகிற ரப்பர்க் கிண்ணம். பார்பரா சுவரோடு ஒட்டி நின்று அலறுகிறாள். அத்தோடு டீலியா டெர்பிஷயர் ஒலிநாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டி உருவாக்கிய அந்த ஊளையிடும் இசை. டாலெக் என்ற உயிரியை உலகம் முதன்முதலில் சந்தித்தது அப்படித்தான், உருவத்தைப் பார்க்காமலே. ஒட்டிய படத்தில் அந்த அலறலுக்கு அடுத்த நொடியே அடுத்த காட்சி வந்துவிடும். அத்தியாயமாக வரும்போது, அந்த ரப்பர்க் கிண்ணத்துக்குப் பின்னால் இருப்பது என்ன என்று ஒரு பிள்ளை தானே யோசித்துத் தானே பயந்துகொள்ள வேண்டும். அந்தப் பயத்தைப் பிள்ளைகளுக்கு அப்படியே விட்டுவைக்கிற ஒளிபரப்பைத்தான் நான் மதிக்கிறேன்.

இழப்புகளும் இருந்தன. பிபிசியில் விளம்பரம் கிடையாது. ஆகவே நடுவில் நிறுத்துவதற்கென்று இடம் வைத்து அந்தக் கதைகளை யாரும் எழுதவில்லை. வணிக அலைவரிசையில் போடும்போது ஒரு உரையாடலின் சூட்டைத் தணித்துவிட்டுத்தான் விளம்பரம் உள்ளே வரும். 1985இல் மட்டும் பிபிசி 45 நிமிட அத்தியாயங்கள் எடுத்தது. வெளிநாட்டு விற்பனைக்காக அவற்றை இரண்டாக வெட்டினார்கள். எழுதியவர் நினைக்காத இடங்களில் எல்லாம் ‘முடிவு’ முளைத்தது. அப்போது பிரிட்டிஷ் ஒளிபரப்பு 625 கோடு, நொடிக்கு 25 படம். வட அமெரிக்காவிலோ 525 கோடு, நொடிக்கு ஏறக்குறைய 30. மாற்றியபோது விரைவான அசைவுகள் சற்றே மங்கிக் கலங்கின.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு பிபிசியே செய்தது. 1960களின் கடைசியிலும் 1970களிலும் பழைய நாடாக்களை அழித்தும் படச்சுருள்களை எறிந்தும் இடத்தை மீட்டார்கள். வைடிவி தொடரைக் கையில் எடுத்த 1989இல், இரண்டாவது டொக்டரான பற்றிக் ட்ரௌட்டனின் 21 கதைகளில் முழுதாக மிஞ்சியிருந்தவை ஐந்து. ஆறாவது ஒன்று 1992இல் ஹொங்கொங்கில் கிடைத்தது. ஹார்ட்னெல் ட்ரௌட்டனாக மாறும் அந்த முதல் உருமாற்றம் இருக்கிற அத்தியாயமே இன்றுவரை காணவில்லை. அந்த நொடியின் சிறு துண்டுதான் இருக்கிறது.

வைடிவி எங்கள் சனத்தின் வீடுகளுக்குள்ளும் வந்தது. 1983க்குப் பிறகு கனடாவுக்கு வந்த ஈழத்தமிழர்களில் பெரும் பகுதி குடியேறியது ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும். என் சின்னம்மாவின் மகன் ஆங்கிலம் பிடிபடாத வயதில் வந்தவன். வகுப்பில் மற்றப் பெடியள் கதைக்கிற வேகம் அவனுக்குப் பிடிக்காது, டாலெக் கதைப்பது பிடிக்கும் என்பான். டாலெக்குகள் ஒரு சொல்லை அசை அசையாக உடைத்து, ஒரே சுருதியில், அவசரமில்லாமல் சொல்லும். ‘எக்ஸ்-டர்-மி-நேட்’. அவன் முழுதாகப் பிடித்துக்கொண்ட முதல் ஆங்கில வாக்கியங்கள் சில அங்கிருந்து வந்தவை. வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் அழித்தொழிக்கப் போவதாகச் சொல்லித் திரிந்தான். சின்னம்மாவுக்குப் பொருள் தெரியாது, பெடியன் ஆங்கிலம் கதைக்கிறான் என்று பூரித்துப்போவார். ஊரை விட்டு, வீட்டை விட்டு, ஒரு பெட்டிக்குள் ஏறி எங்கெங்கோ போய் இறங்குகிற ஒருவரின் கதை அவனை ஏன் பிடித்து வைத்தது என்று நான் அவனிடம் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

1994இல் வைடிவியில் தொடர் நின்றது. இரண்டு ஆண்டில் டொக்டர் திரும்பி வந்தார், அதுவும் கனடா வழியாக. போல் மக்கான் நடித்த 1996 தொலைக்காட்சிப் படம் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கிற கதை, எடுத்ததோ வன்கூவரில். அமெரிக்காவும் பிரிட்டனும் பார்க்கும் முன்பே எட்மன்டன் நிலையம் ஒன்று அதை ஒளிபரப்பிவிட்டது. 2005இல் தொடர் மறுபிறவி எடுத்தபோது சிபிசியும் அதில் கைகொடுத்து, அதே ஆண்டு ஏப்ரலில் இங்கே ஒளிபரப்பியது. டொக்டர் இனி ஒரு பெண்ணாக மாறலாம் என்று 1986இலேயே பிபிசிக்கு எழுதிய நியூமன் 1997இல் ரொறன்ரோவில் காலமானார். அவர் சொன்ன மாற்றம் 2017இல் நடந்தது.

வைடிவியில் ஓடிய கதைகள் இன்று வட்டுகளாகவும் இணையத்திலும் தெளிவான பிரதிகளாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்தக் கதைக்கு முன் பீஜே என்ன சொன்னார், நடுவில் என்ன விளம்பரம் வந்தது, அடுத்த பகுதிக்கு எப்படி அறிவித்தார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த நாளில் வீடுகளில் பதிந்த வீஎச்எஸ் கசெட்டுகளில்தான் இருக்கின்றன. ஸ்காபரோ வீடுகளின் நிலக்கீழ் அறைகளில், கல்யாண வீடியோக்களுக்கும் பூப்புனித நீராட்டு விழா வீடியோக்களுக்கும் இடையில், பெயர் எழுதாத கசெட்டுகள் கிடக்கும். வீடு மாறும்போது அவற்றை முதலில் எறிந்துவிடுகிறோம். நாடா என்றென்றைக்கும் இருக்காது, அதன் காந்தப்பூச்சு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. எறிவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், கணினிக்கு மாற்றுங்கள். பிபிசி அழித்த தொண்ணூறுக்கு மேற்பட்ட அத்தியாயங்களுக்குப் படம் இல்லாவிட்டாலும் ஒலி ஒன்றுவிடாமல் இன்றைக்கு இருக்கிறது. 1960களில் இங்கிலாந்தில் சில ரசிகர்கள், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், தொலைக்காட்சிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து அவற்றைப் பதிந்து வைத்திருந்தார்கள்.