ஊர்ப் பெயர் தாங்கிப் பறந்த வல்லூறுகள்

புறாவைவிடச் சிறிய பறவை அது. எடை சுமார் 150 கிராம்தான். சைபீரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. அங்கே குளிர் கடுமையாகும் முன்பே புறப்பட்டு, ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குப் போய்விடுகிறது. குளிர்காலம் கழிந்ததும் மறுபடி வடக்கே யாத்திரை! போக வர 20,000 கிலோ மீட்டருக்குக் குறையாது. அமுர் நதிப் பிரதேசத்தைச் சேர்ந்ததால் இதற்கு அமுர் வல்லூறு என்று பெயர்.

இந்தப் பயணத்தின் நடுவே, அக்டோபர், நவம்பர் மாதங்களில், நம் நாட்டின் வடகிழக்கு மூலையில் இது இறங்கி இளைப்பாறுகிறது. நாகாலாந்தில் வோகா ஜில்லாவைச் சேர்ந்த பாங்தி கிராமத்தின் அருகே தோயாங் நீர்த்தேக்கம் இருக்கிறது. மாலை வேளையில் அங்குள்ள மரங்களில் லட்சக்கணக்கான வல்லூறுகள் வந்து அடையும். ஈசல்களை வயிறாரத் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். அடுத்தாற்போல் கடலைத் தாண்ட வேண்டும்; கடல்மேல் சத்திரம் ஏது?

மீன் வலையில் பறவை

இளைப்பாற வந்த இடமே அவற்றுக்கு எமனாக முடிந்தது. நீர்த்தேக்கம் கட்டியபோது அவ்வூரில் பலருடைய விளைநிலங்கள் தண்ணீரில் மூழ்கின. பிழைப்புக்காக அவர்கள் மீன் பிடிக்கத் தொடங்கினார்கள். பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கியதும், மீனுக்கு வாங்கிய வலையை மரங்களுக்கு நடுவே கட்டினார்கள். பிடிபட்ட வல்லூறுகள் இறைச்சிக்காகச் சந்தைக்குப் போயின. 2012-ம் வருஷம் அங்கே போய்ப் பார்த்த பறவை ஆர்வலர்கள், அந்த ஒரு பருவத்தில் மட்டும் 1,20,000 முதல் 1,40,000 வரை பறவைகள் மாண்டிருக்கும் என்று கணக்கிட்டார்கள். அவர்கள் எடுத்த படங்களைக் கண்டு உலகமே திடுக்கிட்டது.

அந்த மக்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பறவை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. வானத்திலிருந்து ஆண்டுதோறும் கொட்டுகிற பொருளாகவே அது அவர்களுக்குத் தோன்றியது. அரசாங்க அதிகாரிகளும் பறவை அன்பர்களும் திருச்சபையினரும் எடுத்துச் சொன்ன பிறகு, 2013-ல் கிராம சபையே கூடி வேட்டையைத் தடை செய்தது. மீறினால் அபராதம். அந்தப் பருவத்தில் வலைகள் ஏறவில்லை.

முதுகில் ஒரு மூட்டை

அதே நவம்பரில் டேராடூனிலுள்ள இந்திய வனவுயிர் நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் ஹங்கேரி நாட்டு நிபுணர்களும் தோயாங்குக்கு வந்தார்கள். மூன்று வல்லூறுகளைப் பிடித்து, ஒவ்வொன்றின் முதுகிலும் 5 கிராம் எடையுள்ள கருவியைக் கட்டினார்கள். 50 கிலோ எடையுள்ள மனிதர் ஒன்றரைக் கிலோ மூட்டையைத் தூக்குவது போன்ற பாரம் அது.

முன்பெல்லாம் பறவையின் காலில் வளையம் மாட்டுவதுதான் வழக்கம். டென்மார்க்கில் மார்ட்டன்சன் என்ற பள்ளி ஆசிரியர் 1899-ல் அலுமினிய வளையங்களைக் கொண்டு இதை முறையாகத் தொடங்கிவைத்தார். ஆனால் வளையம் மாட்டிய பறவை மீண்டும் யார் கையிலாவது சிக்கினால்தான் செய்தி. பெரும்பாலானவை சிக்குவதே இல்லை. சிக்கினாலும், நடுவே எந்த வழியாக வந்தது என்று வளையம் சொல்லாது.

புதிய கருவியோ வழிநெடுகப் பேசுகிறது. சூரிய ஒளியில் மின்சாரம் சேர்த்து, வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களுக்குச் சமிக்ஞை அனுப்புகிறது. ரயில் நம்மை நெருங்கும்போது அதன் ஊதல் உச்சமாகவும், கடந்து போனதும் தணிந்தும் கேட்கிறதல்லவா? அதே போல, கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் சமிக்ஞையின் அதிர்வு மாறுகிறது. அந்த மாறுதலைக் கொண்டு பறவை எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டுவிடுகிறார்கள்.

மூன்று பறவைகளுக்கும் நாகா, வோகா, பாங்தி என்று பெயர் வைத்தார்கள். வங்கக் கடலையும் தென்னிந்தியாவையும் தாண்டி, அரபிக் கடல்மேல் சுமார் 3,000 கிலோ மீட்டரை எங்கும் இறங்காமல் பறந்து, அவை சோமாலியாவை எட்டின. நாகாலாந்திலிருந்து சுமார் 5,600 கிலோ மீட்டரை ஏறத்தாழ ஐந்தரை நாளில் கடந்த வேகம் விஞ்ஞானிகளையே வியக்க வைத்தது. அதே பருவத்தில் தட்டான்களும் காற்றோடு கூட்டமாக அந்தக் கடலைக் கடக்கின்றன. அவையே வல்லூறுக்கு வழிச்சோறு என்று கருதுகிறார்கள்.

நேற்றுவரை வலையில் விழுந்த இனம், இன்று தங்கள் ஊரின் பெயரைச் சுமந்து கடல் கடக்கிறது! பாங்தி மக்கள் அதன் பயணத்தை, வெளியூர் போன பிள்ளையின் கடிதத்தைப் போல எதிர்பார்த்தார்கள். மறு ஆண்டு நாகாவும் பாங்தியும் நாகாலாந்துக்குத் திரும்பி வந்தன.

கதை அத்துடன் சுபமாக முடிந்துவிடவில்லை. 2018-ல் மணிப்பூரின் தமெங்லாங் ஜில்லாவில் இரண்டு வல்லூறுகளுக்குக் கருவி கட்டினார்கள். ஒன்றின் பெயர் தமெங்லாங், மற்றொன்றின் பெயர் மணிப்பூர். சில நாட்களிலேயே மணிப்பூர் வேட்டைக்குப் பலியாகிக் கிடந்தது. கருவி இருந்ததால் அந்த மரணம் தெரியவந்தது. கருவியில்லாமல் மாண்டவற்றுக்குக் கணக்கு ஏது? ஆனாலும் மறு ஆண்டே அந்த ஜில்லாவில் ஐந்து பறவைகளுக்கு மீண்டும் கருவி கட்டி வழியனுப்பினார்கள்.

ஐந்து கிராம் கருவி ஒரு பறவையையும் காப்பாற்றாது. அது வழியைக் காட்டும், அவ்வளவே. 20,000 கிலோ மீட்டர் வழியில் ஓர் ஊர் வலை விரித்தாலும் பிரயாணம் அங்கேயே முடிந்துபோகும். வலையைச் சுருட்டிவைக்க மனிதர்தான் மனம் வைக்க வேண்டும். அது முடியும் என்பதற்குப் பாங்தி கிராமமே சாட்சி.