பில்டர் வாங்கும் கடனும் நம் இடத்துப் பத்திரமும்

கடைவீதியில் தாத்தா காலத்துக் கடை. "இடத்தைக் கொடுங்கள், வணிக வளாகம் கட்டித் தருகிறோம். உங்களுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி" என்று பில்டர் வருகிறார். கைப்பணம் போடாமல் புதுக் கடைகள் கிடைக்கும் என்று நம் வணிகர்கள் கையெழுத்திட்டு விடுகிறார்கள். பில்டருக்குக் கடன் கொடுக்கப் போகும் வங்கியை அப்போது எவரும் நினைப்பதில்லை.

வங்கி இருவகையில் ஈடு கேட்கலாம்.

முதலாவது, இடத்தையே அடமானமாகப் பெறுவது. நாம் எழுதிக் கொடுக்கும் பவர் பத்திரத்தில் "அடமானம் வைக்கவும்" என்ற இரண்டு வார்த்தைகள் இருந்தால், நம் பங்கையும் சேர்த்தே பில்டர் ஈடு வைக்க வழி ஏற்படுகிறது. தவணை தவறினால் 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, சிவில் கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி சொத்தை எடுத்து விற்கலாம். அந்த நடவடிக்கையை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிட 45 நாட்களே அவகாசம்.

இரண்டாவது, ஒப்பந்தப்படி பில்டருக்கு உள்ள உரிமைகளை வங்கிக்கு ஒப்படைப்பு செய்வது. கட்டும் உரிமை, தம் பங்கை விற்கும் உரிமை, வாங்குவோர் தரவேண்டிய பணம் ஆகியவை இதில் அடங்கும். பில்டர் தவறினால் வங்கி வேறொரு பில்டரைக் கொண்டு வேலையை முடிக்க முன்வரலாம். ஆனால் பில்டருக்கு இருந்த உரிமைக்கு மேல் வங்கிக்குக் கிடைக்காது. ஒப்பந்தம் முறைப்படி ரத்தானால் அந்த ஈடும் போய்விடும்.

அதனால்தான் வங்கி நம்மிடம் சம்மதக் கடிதம் கேட்கிறது. "பில்டர் தவறினால் வங்கிக்குத் தெரிவித்து, சரிசெய்ய அவகாசம் தந்த பிறகே ரத்து செய்வேன்" என்பது அதன் சாரம். இது நியாயமானதே. ஆனால் அவகாசம் இத்தனை நாள் என்று எழுதப்பட வேண்டும். புதிதாக வருபவர் உரிமையோடு கடமையையும் ஏற்பதாக இருக்க வேண்டும். ஒப்பந்தக் கடமைகளை மறுதரப்பின் சம்மதமின்றி மற்றவர் தலையில் மாற்றிவிட முடியாது என்பதை 1962-இல் கர்தா கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது.

வளாகத்தில் கடை வாங்குவோருக்கும் பாதுகாப்பு உண்டு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் போட்ட பின் அதே கடையை பில்டர் ஈடு வைத்தால், அது வாங்கியவர் உரிமையைப் பாதிக்காது. திட்டத்தில் தமக்குள்ள பெரும்பான்மை உரிமையை வேறொருவருக்கு மாற்ற, வாங்கியோரில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துமூலச் சம்மதமும் ஆணையத்தின் ஒப்புதலும் தேவை.

கையெழுத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை:

1. அடமான அதிகாரம் பில்டரின் பங்குக்கு மட்டும் என்று பவர் பத்திரத்தில் எழுதுங்கள். பில்டருக்கு அந்தச் சொத்தில் பாத்தியதை ஏற்பட்டுவிட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆவது பிரிவுப்படி பவரை எளிதில் ரத்து செய்ய இயலாது.
2. நம் பங்குக் கடைகள் ஈட்டில் சேராதவை என்று வங்கியிடமே கடிதம் பெறுங்கள்.
3. மூலப்பத்திரம் கொடுத்தால், யாரிடம், எதற்காக என்று ரசீது வாங்குங்கள்.
4. பில்டரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள்.
5. வேலை நடக்கும்போதும் அவ்வப்போது வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணத்தைச் செலவாக எண்ண வேண்டாம். பரம்பரைக் கடை ஏலத்துக்கு வந்த பின் கையைப் பிசைவதில் பயனில்லை.