தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு நீங்கதான் டிஜே-வா? பிளேலிஸ்ட் போடும் முன் இதைப் படிங்க!

அமெரிக்காவில் படிக்கிறீங்க. நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை ஃப்ரெண்டு வீட்டில் தேங்க்ஸ்கிவிங் விருந்து. 'நீ எதுவும் சமைச்சுட்டு வர வேணாம், பாட்டை மட்டும் பார்த்துக்கோ' என்று சொல்லிட்டாங்க. கேட்க ஈஸியா இருக்கும். ஆனா, அந்த மேஜையில் 80 வயது பாட்டியும் இருப்பார், 8 வயது வாண்டும் இருக்கும். எலெக்‌ஷனில் எதிரெதிர் கட்சிக்கு ஓட்டுப் போட்டு, பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகூட இருக்கலாம். எல்லோரையும் ஒரே ரூமில் நிம்மதியா உட்கார வைப்பதில் பாட்டுக்கும் பங்கு உண்டு. அதனால நாளை மூணா பிரிச்சுக்கோங்க.

சமையல் நேரம்

காலையில் பல வீடுகளில் டிவியில் நியூயார்க்கின் மேசிஸ் பரேடு ஓடும். 1924-ல் தொடங்கிய வழக்கம். அது முடிஞ்சதும் ஸ்பீக்கரை ஆன் பண்ணுங்க. முழு வான்கோழி வேக மணிக்கணக்கில் ஆகும். காய் நறுக்குறவங்க கையும் காலும் ஆடணும். ஸ்டீவி வொண்டர், அரீதா ஃபிராங்க்ளின் என்று போனால் பாட்டி முதல் பேரன் வரை செட் ஆகும்.

ஆர்லோ கத்ரியின் 'ஆலிஸஸ் ரெஸ்டாரன்ட்' பாட்டை யாராவது கேட்டால் ஆச்சர்யப்படாதீங்க. 1967-ல் வந்த அந்தப் பாட்டு 18 நிமிஷத்துக்கும் மேல ஓடும். தேங்க்ஸ்கிவிங் அன்று குப்பை கொட்டி போலீஸில் மாட்டிய கதை. வருஷா வருஷம் இந்த நாளில் ரேடியோக்களில் ஒலிக்கும்.

சாப்பாட்டு நேரம்

இங்கே வார்த்தை இல்லாத இசைதான் பெஸ்ட். பாட்டில் வரி இருந்தால், பேசுறவங்க குரலோட அது போட்டி போடும். காது மந்தமான பெரியவங்களுக்கு ரெண்டையும் பிரிச்சுக் கேட்பது ரொம்பக் கஷ்டம். வின்ஸ் குவரால்டியின் ஜாஸ் பியானோவைப் போடலாம். 1973-ல் வந்த 'சார்லி பிரவுன் தேங்க்ஸ்கிவிங்' கார்ட்டூனுக்கு இசையமைத்தவர் அவர்தான். எதிரில் இருப்பவர் குரலை உயர்த்தாமல் பேச முடியணும், அதுதான் வால்யூம் கணக்கு. பிரேயர் பண்ணும்போதும், ஒவ்வொருத்தரா நன்றி சொல்லும்போதும் மொத்தமா நிறுத்திடுங்க.

சாப்பிட்ட பிறகு

பம்ப்கின் பையை வெட்டும்போது வரிகள் உள்ள பாட்டுக்குத் திரும்பலாம். இதுக்கு ஒரு ஐடியா. வர்றவங்ககிட்ட ரெண்டு நாள் முன்னாடியே, 'நீங்க நன்றி சொல்ல நினைக்கிற ஒருத்தரை ஞாபகப்படுத்துற பாட்டு எது?' என்று மெசேஜில் கேட்டு வாங்கிக்கோங்க. பாட்டி, இறந்துபோன தாத்தாவோட ஃபேவரைட்டைச் சொல்லலாம். அண்ணனும் தம்பியும் ஒரே பாட்டைச் சொன்னாலும் சொல்லலாம். உங்க முறைக்கு, அம்மா சமைக்கும்போது முணுமுணுக்கும் இளையராஜா பாட்டைப் போடுங்க. அர்த்தம் கேட்பாங்க, பேச்சு தானா வளரும்.

கவனிக்க...

* கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அவசரப்படாதீங்க. 'தேங்க்ஸ்கிவிங் முடியாம மரியா கேரி கூடாது' என்று சண்டைக்கு வர்றவங்க உண்டு.

* பூர்வகுடி மக்கள் பலர் இந்த நாளை, 1970 முதல் பிளிமத் நகரில் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். பூர்வகுடிகளைக் கேலியாகக் காட்டும் பழைய பாட்டுகள் வேண்டாம்.

* பாட்டுகளை டவுன்லோடு பண்ணி, போனை சைலன்ட்டில் போடுங்க. பிரேயருக்கு நடுவுல உங்க ரிங்டோன் ஸ்பீக்கரில் அலறக் கூடாது பாருங்க!