மதுரையை வெளியிலிருந்து உள்ளே படிப்பது

ஆபீஸ் வேலையாக ஒரு முறை வியன்னாவுக்குப் போக வேண்டியிருந்தது. வேலை போக இரண்டு நாள் கையில் இருந்தது. அதற்காக நான் போட்ட எக்செல் ஷீட்டைப் பார்த்து என் மனைவி இன்றைக்கும் சிரிப்பாள். எந்த டிராம், எந்த வாசல், எத்தனை நிமிஷம் என்று எல்லாம் அதில் உண்டு. அடுத்த லீவில் ஆலங்குளம் வந்தபோது லேப்டாப்பில் அந்தப் படங்களை அம்மாவுக்குக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"நான் நாப்பது வருஷமா மதுரைக்குப் போறேம்ப்பா. ஆஸ்பத்திரியும் ஜவுளிக்கடையும்தான் பாத்திருக்கேன். அந்த மகாலு எந்தப் பக்கம் இருக்குன்னுகூடத் தெரியாது."

எனக்கும் ஏறக்குறைய அதே நிலைமைதான். காலேஜ் காலத்திலிருந்து எத்தனையோ தடவை மதுரையில் பஸ் மாறியிருக்கிறேன். ஆனால் ஒரு தலைநகரத்துக்குப் போகிறோம் என்று நினைத்துப் போனதில்லை. அதனால் அதே ஷீட்டைத் திறந்து, அம்மாவின் முழங்கால் வலியையும் கணக்கில் வைத்து, ஒன்றரை நாளுக்கு ஒரு திட்டம் போட்டேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வரலாற்று ஆசிரியர் இல்லை, படித்தது பி.இ. தவறு இருந்தால் சொல்லுங்கள்.

முதலில் வியன்னாவில் கற்றுக்கொண்ட ஒரு தந்திரம். அந்த ஊரின் பழைய பகுதி ரொம்பச் சின்னது, மூன்று சதுர கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஒரு பக்கம் டான்யூப் கால்வாய், மற்ற பக்கங்களில் ரிங் என்கிற அகலமான சாலை. அந்தச் சாலை இருக்கும் இடத்தில் முன்பு கோட்டை மதில் இருந்தது. 1857 டிசம்பரில் பேரரசர் மதிலை இடிக்கச் சொன்னார், 1865ல் ரிங் திறக்கப்பட்டது. ரிங்கில் இறங்கி நடுவில் இருக்கும் பெரிய தேவாலயத்தை நோக்கி நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் ஊரின் முழு வயதையும் கடந்துவிடலாம். மதில் எங்கே இருந்தது என்று தெரிந்தால் ஊர் புரிந்துவிடும்.

மதுரையிலும் இதே கதைதான், அதுவும் வியன்னாவுக்கு முன்பே நடந்த கதை. விசுவநாத நாயக்கர் காலத்தில் பழைய பாண்டியர் கோட்டையை எடுத்துவிட்டு, அதைவிடப் பெரிதாக, அகழியோடு ஒரு கோட்டை கட்டினார்கள். அதில் 72 கொத்தளங்கள், ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்று சொல்வார்கள். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் அந்த மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். இடிக்கும் செலவுக்கு அவர் கண்டுபிடித்த வழி சுவாரசியமானது. மதிலை இடித்துப் பள்ளத்தை நிரப்புகிறவர்களுக்கு அந்த நிலத்தையே கொடுத்துவிடுவது! வேலையை மேற்பார்த்தவர்களின் பெயர்தான் இன்றைக்கும் தெருக்களில் இருக்கிறது. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி வந்தவை. அதற்கு வெளியே இருப்பது வெளி வீதி. 'வெளி' என்றால் கோட்டைக்கு வெளி. இத்தனை வருஷம் "மேலவெளி வீதி" என்று போர்டில் படித்திருக்கிறேன், அது ஒரு விலாசம் என்பதற்கு மேல் யோசித்ததே இல்லை.

இதைப் படித்தபோது பிளாக்பர்ன் மேல் முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கொஞ்சம் தணிந்தது. நெரிசலான ஊர், தேங்கிய அகழி, அடிக்கடி காய்ச்சல். மதில் போனதால்தான் ஊருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. வியன்னாவில் அந்த இடத்தில் ஓபரா வந்தது, நாடாளுமன்றம் வந்தது. நம் ஊரில் ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் லாட்ஜும் வந்தன. எனக்கு லாட்ஜ் மேல் ஒரு புகாரும் இல்லை.

இனி திட்டம். சிவகாசி பக்கத்திலிருந்து போகிறவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலில் போங்கள். பஸ் உங்களை மாட்டுத்தாவணியில் இறக்கிவிடும், அது ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழைய ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரயில் நிலையமோ மேலவெளி வீதியிலேயே இருக்கிறது. இறங்கினால் மதிலின் கோட்டில் நிற்கிறீர்கள். தெற்கே கொஞ்சம் நடந்தால் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மேலவாசல் கோட்டையின் மிச்சம் கல்லும் செங்கல்லுமாக நிற்கிறது. யாரும் நின்று பார்ப்பதில்லை. முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ரயில் நிலையத்துக்கு எதிரே டவுன்ஹால் ரோடு. அது நேராகக் கிழக்கே கோயிலை நோக்கிப் போகிறது. மொத்தம் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் மதில் இருந்த இடத்தைத் தாண்டி, மாசி வீதியைத் தாண்டி, ஆவணி மூல வீதியைத் தாண்டி, சித்திரை வீதிக்கு வந்துவிடுவீர்கள். கோயிலுக்குள்ளே ஆடி வீதி. ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் மாதம். அந்தந்த மாதத்துத் திருவிழாவில் சாமி சுற்றிய தெருக்கள் என்பதுதான் விளக்கம். மாசி வீதியின் அகலத்தைக் கவனியுங்கள், தேர் திரும்ப வேண்டிய அகலம் அது. இப்போது சித்திரைத் தேர் ஓடுவதும் அதில்தான். மாதப் பெயரும் திருவிழாவும் இன்றைக்குப் பொருந்தவில்லை என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம், இன்னொரு நாள் பார்ப்போம். மேலமாசி வீதியில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரைவேட்டிக்கு மாறிய வீடு இருக்கிறது. இப்போது அது கதர்க்கடை. அம்மா அங்கே ஒரு துண்டு வாங்கினார். பதினைந்து நிமிஷம் என்று ஷீட்டில் போட்டிருந்தேன், நாற்பது ஆனது.

கோயில் மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். நிறையப் பேர் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். பதினோரு மணிக்குக் கோயிலுக்குள் அவசரமாக ஓடுவார்கள். கோயிலைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டு, பகலில் மகாலுக்குப் போங்கள். 2018 தீ விபத்துக்குப் பிறகு செல்போன் உள்ளே விடுவதில்லை, வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

மகால் 1636ல் திருமலை நாயக்கர் கட்டியது. திருச்சியிலிருந்த தலைநகரத்தை அவர் மதுரைக்கே திரும்பக் கொண்டுவந்தார். இவ்வளவு பெரிய அரண்மனை எதற்கு என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. இன்று நாம் பார்ப்பது முழு அரண்மனையில் சுமார் கால் பங்குதான். மீதி எங்கே? அதைப் பார்க்க மகாலை விட்டு வெளியே வர வேண்டும். விளக்குத்தூண் பக்கம் பத்துத்தூண் சந்து என்று ஒன்று இருக்கிறது. ஜவுளிக்கடைகளுக்கு நடுவே, நைட்டியும் துண்டும் தொங்கும் சந்தில், அரண்மனையின் பத்துத் தூண்கள் கூரை இல்லாமல் நிற்கின்றன. மகாலில் தூணின் உயரம் நம்மை மிரட்டும். இங்கேதான் அரண்மனையின் பரப்பு புரியும். நடுவில் இருக்கும் வீடும் கடையும் தெருவும் ஒரு காலத்தில் அரண்மனை.

அம்மா ஒரு கடையின் படியில் உட்கார்ந்து தூண்களை அண்ணாந்து பார்த்தார். "இந்தக் கடையில உன் தங்கச்சி கல்யாணத்துக்குச் சேலை எடுத்திருக்கோம்யா. இது தூணுன்னு நெனைக்கவே இல்ல, சுவருன்னு இருந்துட்டேன்" என்றார்.

பக்கத்தில்தான் ஜிகர்தண்டா. முழங்காலுக்கு அதுவும் ஒரு மருந்து.

சாயங்காலம் கோயிலுக்குக் கிழக்குப் பக்கமாகப் போங்கள். புதுமண்டபம், அதற்கு அந்தப் பக்கம் முடியாமல் நின்றுபோன ராயகோபுரம், ஆவணி மூல வீதிப் பக்கம் விட்டவாசல். பாண்டியர் கோட்டையை எடுத்தபோது இடிக்காமல் விட்ட வாசல் என்பார்கள். ஆக ஒரே நடையில் இரண்டு கோட்டைகளின் மிச்சத்தையும் பார்த்தாகிவிட்டது. கோயிலைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, என்னைவிட நன்றாக எழுதியவர்கள் ஆயிரம் பேர்.

மறுநாள் காலை அரை நாள் ஆற்றுக்கு. இதை வெட்டத்தான் எல்லாருக்கும் கை வரும். "வைகையில என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். மதுரைக்காஞ்சி பாடிய காலத்திலிருந்து வைகை இல்லாமல் மதுரை இல்லை. வெயிலுக்கு முன் யானைக்கல்லுக்கு வந்து, 1889ல் திறந்த ஏ.வி. பாலத்தில் நடந்து, பாதியில் நில்லுங்கள். ஆற்றுக்குள்ளேயே மைய மண்டபம் தெரியும். அங்கிருந்து ஆட்டோ பிடித்து, வைகைத் தண்ணீரை நம்பி வெட்டிய வண்டியூர் தெப்பக்குளம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திருப்பரங்குன்றம், அழகர்கோயில், கீழடி எல்லாம் என் ஷீட்டில் இருந்தன, மூன்றையும் அழித்துவிட்டேன். கீழடிக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

பாலத்தின் நடுவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா கீழே பார்த்தார். கருவேலம், புல், ஓரமாக ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர், நாலைந்து எருமைகள்.

"அந்த ஊரு ஆத்துல தண்ணி இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சும்மா. கரை வரைக்கும்."

அடுத்து எங்கே என்று கேட்டார். குளம் என்றேன். "அதுலயாவது இருக்குமா?" என்றபடி ஆட்டோவைக் கை காட்டினார்.