தோள் காத்தல்

கைத்தொழில் புரிவோருக்குக் கண்ணை அடுத்துக் காக்கத்தக்க உறுப்பு தோளாகும். அங்குலத்துக்கு 60 ஊடை விழும் ஐந்தரை மீட்டர்ப் புடவை ஒன்றை நெய்து முடிப்பதற்குள், நாடாவை ஓட்டும் கயிற்றை ஏறத்தாழ 13,000 முறை இழுக்கிறோம். மண்வெட்டி பிடிக்கும் உழவருக்கும் மருந்துத் தெளிப்பான் சுமப்பவருக்கும் இவ்வுழைப்பு குறைந்ததன்று.

அடியேனுக்கு 51 வயது நடக்கையில் வலத்தோள் நோகத் தொடங்கிற்று. கொடியில் வேட்டியை எடுத்துப் போட இயலவில்லை. இரவில் அப்பக்கமாகச் சாய்ந்து படுக்கவும் முடியவில்லை. தைலம் தடவி, எவருக்கும் சொல்லாது ஆறு திங்கள் கழித்தேன். கூலி குறையுமே என்னும் அச்சந்தான் காரணம். பின்னர் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, தசைநாண் அறுந்துள்ளது என்றார்.

தோள் மூட்டு ஆழமற்ற தட்டின்மேல் அமர்ந்த பந்தைப் போன்றது. கை எத்திசையும் சுழல்வது அதனாலேதான். அப்பந்தை நழுவவிடாது நான்கு தசைகளின் நாண்கள் சூழ்ந்து பற்றியுள்ளன. நாற்பதைக் கடந்தபின் அந்நாண்கள் நைந்து போவதுண்டு. அச்சில் உராய்ந்து உராய்ந்து பஞ்சாகும் பாவிழை ஒருநாள் அறுவதில்லையா? அதுபோன்றதே இதுவும்.

நாண் கிழிந்த அனைவருக்கும் கத்தி தேவையென்று எண்ணற்க. பலருக்குச் சில திங்கள் முறையான உடற்பயிற்சியே போதுமானது. ஆயின், கீழே விழுந்து கை திடீரெனத் தூக்க முடியாமற் போனால் நாள் கடத்தலாகாது. எனக்குப் பயிற்சி பயன் தரவில்லை. ஆகவே அறுவைக்கு இசைந்தேன்.

அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகர மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் இந்நோயை நெடுங்காலம் ஆராய்ந்து, 1934-இல் தோளைப் பற்றித் தனி நூலொன்றே வெளியிட்டார். இன்று சிறு துளைகளின் வழியே கருவியைச் செலுத்தி, எலும்பில் சிற்றாணி பதித்து, அதிலுள்ள நூலால் நாணை இழுத்துத் தைக்கின்றனர்.

அறுவை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். தேறுதலோ அரையாண்டுக் காலம் பிடிக்கும். முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் கை தூளியிலேயே இருந்தது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே உறங்கினேன். என் சட்டைப் பொத்தானை இல்லாள் போட்டுவிட்டாள். உடலைக் குனிந்து, கையைத் தளரத் தொங்கவிட்டு, மணியின் நாவைப் போல் மெல்ல அசைப்பதே தொடக்கப் பயிற்சி. அதற்குக் காட்மன் பெயரே வழங்குகிறது.

ஐந்தாம் வாரத்தில் வலி அடங்கிற்று. எவரும் காணாத வேளையில் தறிக்குழியில் இறங்கினேன். மகள் கண்டுவிட்டாள். “அப்பா, வலி நின்றால் தையல் பிடித்துவிட்டதென்று பொருளா? மேலே வாருங்கள்” என்றாள். வெட்கினேன்; ஆயினும் மேலே வந்தேன். நாண் எலும்போடு ஒட்டுவதற்கு மூன்று திங்களேனும் வேண்டும். அதற்குள் வலிந்து இழுத்தால் தைத்தது மீண்டும் அறும். மூன்றாம் திங்களுக்குப் பின்னரே வலுவூட்டும் பயிற்சி தொடங்கினர். ஏழாம் திங்களில் தறி ஏறினேன். முன்போல் விரைவு இல்லை; எனினும் இரவில் உறங்குகிறேன்.

என் பட்டறிவால் அன்பர்களுக்குச் சில சொல்வேன். அறுவைக்கு முன்பே ஆறு திங்கள் செலவுக்கு வழி தேடுக. சங்கத்தில் முன்கூட்டித் தெரிவித்தால் பாவை வேறொருவருக்கு மாற்றித் தர இயலும். அரசு மருத்துவக் காப்பீட்டில் இடமுண்டா என்று கேட்டறிக. சர்க்கரை நோயுள்ளோர் அதனை அடக்கி வைத்தல் வேண்டும். புகை பிடிப்போர் அதனை விட்டொழித்தல் வேண்டும். இவ்விரண்டும் நாண் ஒட்டுவதைத் தடுப்பன.

அனைத்தினும் மேலாக, தோள் நோவை மறைக்காதீர். கூலிக்கு அஞ்சி நான் மறைத்த ஆறு திங்களும் என் கூலியைக் காக்கவில்லை, கிழிசலைத்தான் வளரவிட்டன. பாவில் ஓரிழை அறுந்தால் உடனே தறியை நிறுத்தி முடிச்சிடும் நாம், நம் தோளுக்கும் அவ்வளவு கருத்துக் காட்டுதல் தகும்.