சூ ஷெஃப் தேவை... எதற்கு?

'சூ ஷெஃப் தேவை. 5 ஆண்டு அனுபவம். உணவு, தங்குமிடம் இலவசம். தகுந்த சம்பளம்.' ஓட்டல் வேலை விளம்பரங்கள் பல இவ்வளவோடு முடிந்துவிடுகின்றன. நன்றாகச் சமைக்கிற ஒருவர் வருவார். இரண்டே மாதத்தில் கிளம்பியும் விடுவார்.

பிரெஞ்சில் 'சூ' என்றால் 'கீழே'. தலைமை ஷெஃபுக்கு அடுத்த ஆள். ராணுவத்தில் சமைத்துப் பழகிய அகஸ்ட் எஸ்காஃபியே, 1890-இல் லண்டன் சவாய் ஓட்டல் அடுப்படிக்குப் பொறுப்பேற்று, பட்டாளம்போல் அதைப் பிரிவு பிரிவாக ஒழுங்குபடுத்தினார். நட்சத்திர ஓட்டல்களின் பதவி வரிசைக்கு அதுவே அடித்தளம். நம்மூர் சரக்கு மாஸ்டரை சூ ஷெஃபுக்கு இணை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாஸ்டருக்குக் கைப்பக்குவத்துக்காகச் சம்பளம். சூ ஷெஃபுக்கோ பாதிச் சம்பளம் கரண்டி பிடிக்காத நேரத்துக்கு.

அந்த நேரத்தில் நடப்பதைத்தான் அறிவிப்பில் எழுத வேண்டும். காலையில் வரும் மீனின் செவுளைப் பார்த்து, வாங்குவதா திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுப்பது. நாளைக்குத் தேவையான சரக்குப் பட்டியலை, அதாவது இண்டென்ட், போடுவது. தந்தூர் ஆள் திடீரென்று லீவு போட்டால் யாரை அங்கே நிறுத்துவது என்று பார்ப்பது. குளிரில் வைத்தது 5 டிகிரிக்கு மேல் ஏறாமலும், சூட்டில் வைத்தது 60-க்குக் கீழ் இறங்காமலும் காப்பது. கணக்கும் உண்டு. கிலோ 800 ரூபாய்க்கு வாங்கிய முழு மீனில் முள் நீங்கிய சதை பாதிதான் தேறுகிறது என்றால், தட்டில் விழுவது கிலோ 1,600 ரூபாய் மீன். இந்தக் கணக்கு தெரியாதவர் போடும் மெனு, கூட்டம் நிரம்பி வழிந்தாலும் கல்லாவைக் காலியாக்கும்.

'அழுத்தத்தைச் சமாளிக்கும் திறன்' என்ற வரியை அடித்துவிடலாம். சனிக்கிழமை இரவு எத்தனை பேர் சாப்பிட வருவார்கள், உள்ளே எத்தனை பேர் நிற்பார்கள் என்று சொன்னால் வருகிறவருக்கே புரியும். மதியம் 3 மணிக்கு விட்டு, 6 மணிக்குத் திரும்ப வரச்சொல்லும் பிரேக் ஷிஃப்டா? மறைக்காதீர்கள், பாதிப் பேர் ஓடுவதே அதனால்தான். மெனுவில் கைவைக்கவும், கமி என்ற இளநிலை சமையலாளர் ஒருவரை வேலைக்கு எடுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டா என்பதும் தெரியட்டும். சம்பளத்தை எண்ணில் எழுதுங்கள். 'தகுந்த' என்றால் யாருக்குத் தகுந்தது?

நேர்முகத்தில் சமைக்கச் சொல்வது வழக்கம். நான் உங்களை, ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்வேன். வந்தவர் டப்பாவில் ஒட்டிய தேதியைத் தேடுகிறாரா, பின்னால் கிடப்பதை முன்னால் நகர்த்துகிறாரா என்று பாருங்கள். அன்றைய பொழுதுக்கும் கூலி உண்டு என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்.