பின்னச்சின் வெப்பம் அறியுமாறு

இளையரசனேந்தல் முதலான கரிசற் காட்டூர்களில் பருத்தி ஏற்றிச் சென்ற எருத்து வண்டிகளின் அமைப்பை நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அவ்வண்டியின் அச்சு சுழல்வதில்லை; அதன் இரு முனைகளிலும் கோத்த சக்கரங்களே தனித்தனியே சுழல்வன. ஆதலின், வண்டி ஒருபுறம் திரும்புங்கால் உட்சக்கரம் குறைந்த தூரமும் வெளிச்சக்கரம் மிகுந்த தூரமும் ஓடுதற்குத் தடை யாதுமில்லை. எருதுகள் நுகத்தை இழுக்கின்றன. சக்கரங்களை எவரும் சுழற்றுவதில்லை. மோட்டார் வண்டியிலோ நிலைமை வேறு. ஆங்கு எஞ்சினின் வலிமையே சக்கரங்களைச் சுழற்றுதல் வேண்டும். அங்ஙனம் சுழற்றினும், இரண்டும் எப்பொழுதும் ஒரே விரைவிற் சுழலுமாறு பிணித்துவிடலாகாது. பிணித்துவிடின் திருப்பந்தோறும் ஒரு சக்கரம் தரையில் தேய்த்து இழுக்கப்படும். இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றுவது டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதியாகும். அதன் வெப்பத்தை அறிதற்கு, விரைவுக்கென்றே ஆக்கப்பட்ட விளையாட்டுக் கார்களில் உணரிக் கருவியொன்றைப் பின்னாளிற் பொருத்துமாற்றை விளக்குதலே இக்கட்டுரையின் கருத்து.

எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் பினியன் என்னும் சிறு பற்சக்கரம் உண்டு. அது கிரவுன் வீல் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும். கிரவுன் வீலோடு சேர்ந்து சுழலும் கூட்டினுள்ளே சிறு பற்சக்கரங்கள் அமைந்து, வலிமையை இருபுறத்துச் சக்கரங்கட்கும் பகிர்ந்தளிக்கும். ஒன்று விரைந்து ஓடின் மற்றொன்று அவ்வளவிற்கு மெதுவாக ஓட இடங்கொடுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஒனெசிஃபோர் பெக்கர் என்னும் பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளர் நீராவி வண்டிக்காக இவ்வமைப்பை வகுத்தார். 1920-களில் பினியனைக் கிரவுன் வீலின் நடுக்கோட்டினின்றும் தாழ்த்தி அமைக்கும் ஹைப்பாயிட் என்னும் முறை கார்களிற் புகுந்தது. அதனால் காரின் தரையைத் தாழ்த்தவும், ஓசையைக் குறைக்கவும் இயன்றது. ஆயினும் அதற்கொரு விலையும் உண்டு. இம்முறையில் ஒரு பல் மற்றொன்றின்மேல் உருள்வதோடு அமையாது, உராய்ந்து வழுக்கியும் செல்லும். உராய்வு உள்ளவிடத்து வெப்பமும் உண்டன்றோ?

அவ்வெப்பத்தின் அளவை ஒரு கணக்கால் அறியலாம். பின்னச்சின் வழியே 100 கிலோவாட் ஆற்றல் செல்வதாகவும், அதில் நூற்றுக்கு நான்கு பங்கு உராய்வில் இழக்கப்படுவதாகவும் கொள்வோம். இழப்பு 4 கிலோவாட் ஆகின்றது. இரண்டு கிலோவாட் மின்னடுப்புகள் இரண்டனை, ஒன்றிரண்டு லிட்டர் எண்ணெய் கொண்ட சிறு இரும்புப் பெட்டியினுள் வைத்து எரித்தால் எத்துணை வெப்பமுண்டாகுமோ அத்துணை வெப்பம் ஆங்கே பிறக்கும். விளையாட்டுக் கார்கள் பலவற்றில், ஒரு சக்கரம் மட்டும் வீணே சுழலாதபடி தடுக்கும் உராய்வுத் தட்டுகளும் அக்கூட்டினுள் உண்டு. அவையும் தம் பங்கிற்கு வெப்பத்தை மிகுவிக்கும்.

பெருஞ்சாலையில் ஒரே சீராகச் செல்லும் காருக்கு இஃது ஒரு குறையன்று. ஆங்குச் சக்கரங்கட்குச் செல்லும் ஆற்றல் சிறிது. வெளிக்காற்று பெட்டியின்மேற் பட்டு அச்சிறு வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். ஓட்டக்களத்தில் நிகழ்வதோ வேறு. நம் நாட்டில் மோட்டார் பந்தயத்திற்குப் பழமையான பேர் பெற்ற இடம் சென்னைக்கு அணித்தாகிய சோழவரம். போர்க்காலத்து விமான ஓடுபாதையே ஆங்குப் பந்தயக் களமாயிற்று. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பின்னர்த் திருப்பெரும்பூதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிக்களம் அமைத்தது; அக்களம் 1990-இல் திறக்கப்பெற்றது. ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்ற நாராயண் கார்த்திகேயனும் தமிழ் நாட்டினரே. தம் சொந்தக் கார்களை இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோய் விரைவாக ஓட்டிப் பார்ப்பவரும் இந்நாளில் உளர். அக்களத்தில் ஓட்டுவோர் நேரிடங்களில் எஞ்சினின் முழு வலிமையையும் செலுத்துவர். உடனே தடை பிடிப்பர். திரும்பி மீண்டும் முழு வலிமையைச் செலுத்துவர். இருபது நிமிடம் இங்ஙனம் ஓட்டினால், சாலையில் என்றும் காணாத வெப்பத்தைப் பின்னச்சு காணும். நம் வேனிற்காலத்து வெயிலும் அதனோடு சேர்ந்துகொள்ளும்.

வெப்பம் மிகுந்தால் எண்ணெய் நீர்த்துப்போகும். பற்களுக்கிடையே நிற்கவேண்டிய மெல்லிய படலம் அறுபடும். கந்தகமும் பாஸ்பரமும் சேர்ந்த சேர்க்கைப் பொருள்களே ஹைப்பாயிட் எண்ணெய்க்குத் தாங்கும் வலிமையைத் தருவன. கடும் வெப்பத்தில் அவையும் சிதைவுறும். எண்ணெயின் வெப்பம் பத்துப் பாகை ஏறுந்தோறும் அது கெடும் விரைவு ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறிவல்லுநர் கொள்ளும் பொதுவிதி. இரப்பராலாகிய அடைப்பு வளையங்கள் இறுகி வெடித்து எண்ணெய் கசியும். இறுதியில் பற்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுமாயின் பின்சக்கரங்கள் ஓடும்போதே பூட்டிக்கொள்ளும். மிகு விரைவிற் செல்லும் காரில் அஃது ஓட்டுபவர் உயிருக்கே இடராகும். எஞ்சினில் நீர் கொதித்தால் ஆவி எழுந்து அறிவிக்கும். தடைக்கட்டை தீய்ந்தால் நாற்றம் அறிவிக்கும். பின்னச்சோ ஓட்டுபவருக்குப் பின்னே, தரைக்கு அருகே, மூடிய பெட்டியுள் இருப்பது. அது முனகத் தொடங்கும் ஓசை காதில் விழுங்கால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

நம் முன்னோரும் அச்சு முறிவை அஞ்சினர். உப்பு வாணிகராகிய உமணர், மேடும் பள்ளமும் உள்ள வழியில் யாது நேருமோ என்று கருதி, சேம அச்சு ஒன்றை வண்டியின் கீழே கட்டிச் சென்றனர் என்பது ஔவையார் பாடிய புறநானூற்றுச் செய்யுளொன்றால் அறியப்படும். காரின் கீழே மற்றுமொரு டிபரன்ஷியலைக் கட்டிச் செல்லல் இயலாது. ஆதலின், முறிவு வருமுன் அறிவிக்கும் கருவியே இந்நாளைச் சேம அச்சாம்.

இதனை நன்குணர்ந்த கார்த் தொழிற்சாலைகள் சில, தம் வலிமை மிக்க வகைகளில் டிபரன்ஷியல் எண்ணெயைக் குளிர்விக்கும் அமைப்பைத் தாமே சேர்க்கின்றன. 2012-ஆம் ஆண்டின் செவ்ரலே கமாரோ இசட்.எல். 1 என்னும் காரில் அஃது உண்டு. இத்தகைய கார்களில் உணரியும், அதன் கம்பியும், அதனைப் படிக்கும் கணிப்பொறியும், முகப்புப் பலகையிற் காட்டும் எண்ணும் ஒன்றற்கொன்று பொருந்துமாறு அமைக்கப்படுதல் இயல்பு. அவ்வினத்திலேயே விலை குறைந்த வகைகட்கு இவை யாவும் கொடுக்கப்படுவதில்லை. அவ்வகைக் காரை உடையார், தொழிற்சாலை முறையைப் பின்பற்றித் தாமே உணரியைப் பொருத்திக்கொள்ள விரும்புவர். அவர் முதற்கண் அறியவேண்டுவது, அம்முறையின் சிறப்பு உணரி என்னும் ஒரு பொருளில் இல்லை, பொருத்தத்தில் உளது என்பதே.

உணரியின் இயல்பு வருமாறு. இறைபக்தி மிக்க விஞ்ஞானியாகிய மைக்கேல் பாரடே, 1833-இல் வெள்ளிச் சல்பைடை ஆராயுங்கால், அது சூடேறச் சூடேற அதன் மின்தடை குறைதலைக் கண்டார். உலோகங்களின் இயல்புக்கு இது நேர்மாறானது. அவ்வியல்பினவாகிய பொருள்களாற் செய்த சிறுமணியே தெர்மிஸ்டர் எனப்படுவது; பித்தளைத் திருகினுள் அம்மணியை வைத்து மூடினால் உணரியாகும். காரின் கணிப்பொறி 5 வோல்ட் மின்னழுத்தத்தை மாறாத தடையொன்றின் வழியே உணரிக்கு அனுப்பி, எஞ்சி நிற்கும் அழுத்தத்தை அளந்து, தன்னுள் வைத்திருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டு வெப்பத்தைக் கணிக்கும். எனவே, உணரி வெப்பத்தைச் சொல்வதில்லை, தடையைச் சொல்கின்றது. அதனை வெப்பமாக மொழிபெயர்ப்பது அட்டவணையே.

மொழிபெயர்ப்பாளர் வேறு மொழியினராயின் பொருள் என்னாகும்? ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் நெடுநாள் வழங்கிய எஞ்சின் நீர் உணரி, சென்டிகிரேடு 100 பாகையில் ஏறத்தாழ 180 ஓம் தடை காட்டும். போர்டு கார்களில் வழங்கிய ஒருவகை உணரி அதே வெப்பத்தில் ஏறத்தாழ 2,100 ஓம் காட்டும். முன்னதன் அட்டவணையில் 2,100 ஓம் என்பது 32 பாகை அளவில் உள்ள வெப்பத்தைக் குறிக்கும். ஆகவே, திருகு பொருந்துகின்றது என்பது ஒன்றே கொண்டு மாறான உணரியைப் பூட்டியவர், எண்ணெய் கொதிநீரின் வெப்பத்தை எட்டிய வேளையிலும், அது காலைப் பொழுதின் தண்மையில் உளது என்று கருதி மேலும் விரைவர். கருவி இல்லாதவன் ஐயத்தோடேனும் ஓட்டுவான். பொய்யுரைக்கும் கருவியை உடையவன் ஐயமும் இன்றி அழிவான்.

அடுத்து எண்ணற்பாலது இடம். உணரியின் முனை எண்ணெயில் மூழ்கியிருத்தல் வேண்டும். எண்ணெய் ஊற்றும் துளை எண்ணெய் மட்டத்திலேயே அமைவது. ஆங்கு வைத்தால், கார் திரும்புங்கால் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்க, முனை காற்றில் நின்று குறைந்த அளவைக் காட்டக்கூடும். எண்ணெய் வடிக்கும் துளையில் வைத்தால் எப்பொழுதும் மூழ்கியிருக்கும். ஆயின் தரையிலிருந்து தெறிக்கும் கல் தாக்குதற்கு அஃது இலக்காகும். அவ்விடத்துத் திருகில் காந்தம் இருப்பின் இரும்புத் துகள்களைப் பற்றும் அதன் பணியும் இழக்கப்படும். முனை அளவுக்கு மீறி நீளின் கிரவுன் வீலில் மோதும்; ஆதலின் பொருத்துமுன் இடைவெளியை அளத்தல் இன்றியமையாதது. தொழிற்சாலை உணரிக்கென்றே இடம் வைத்து வார்த்த மூடி கிடைப்பின், அதனை வாங்கி மாற்றுதலே சாலச் சிறந்தது. மூடியில் தாமே துளையிட நேரின் அதனைக் கழற்றி வைத்தே துளையிடல் வேண்டும். உலோகத் துகள் ஒன்று உள்ளே தங்கினும் எதைக் காக்க முயன்றோமோ அதற்கே கேடு விளையும்.

கம்பிகளிலும் கருத்து வேண்டும். ஒற்றைக் கம்பி உணரி தன் பித்தளை உடல் வழியாகவே மின்வட்டத்தை நிறைவு செய்யும். கசிவைத் தடுக்கத் திருகின்மேல் நாடாவை மிகுதியாகச் சுற்றிவிட்டால் தொடர்பு குன்றிக் கணக்குப் பிழைபடும். இரட்டைக் கம்பி உணரிக்கு அக்குறை இல்லை. பின்னச்சு அசைந்தாடும் காராயின் கம்பி அறாதபடி சிறிது தளர விடுதலும், புகைக்குழாயின் அனல் படாது விலக்கிக் கட்டுதலும் வேண்டும். இவை யாவும் செய்த பின்னரும், காரின் கணிப்பொறிக்கு உணரி உளது என்பதை அதற்குரிய முறையில் அறிவித்தாலன்றி முகப்பில் எண் தோன்றாது. அங்ஙனம் அறிவிக்க இடமில்லாத கார்களில், உணரியும் முகப்புக் கருவியும் ஒரே செய்வினையாளரிடமிருந்து சோடியாக வாங்கித் தனியே வைத்தலே நேரிய வழி.

பொருத்தும் முன் செய்யவேண்டிய எளிய தேர்வு ஒன்று உண்டு. அதற்குச் சமையலறையே போதும். உணரியை அதன் கம்பிகளோடு இணைத்துவிட்டு, உருகும் பனிக்கட்டி நிறைந்த நீரில் முனையை அமிழ்த்துக. முகப்பில் சுழி காணப்படல் வேண்டும். பின்னர்க் கொதிநீரில் அமிழ்த்துக. 100 காணப்படல் வேண்டும். ஒற்றைக் கம்பியாயின் உணரியின் உடலையும் காரின் உலோக உடலையும் வேறொரு கம்பியால் இணைத்துக்கொள்க. நெல்லைச் சீமை போன்ற சமவெளிக்கு இக்கணக்குப் பொருந்தும். உதகமண்டலத்தின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதிக்கும் என்பதை மறவற்க. இரண்டிடத்தும் இரண்டொரு பாகையளவில் சரியாயின் கருவியை நம்பலாம். ஓரிடத்தேனும் பெரிதும் பிழையாயின் அதனைக் காரில் ஏற்றற்க.

எண்ணைக் கண்டபின் செய்யத்தக்கது யாது? எல்லை இன்னதென்பதை அவ்வக் காருக்கும் எண்ணெய்க்கும் உரிய கையேட்டைக் கொண்டே துணிதல் வேண்டும். ஓரெண்ணைக் காட்டிலும் அது ஏறும் விரைவே மிகுதியும் கற்பிக்கும். சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போய் ஓரளவில் நிலைபெற்றால், உண்டாகும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாயின என்பது பொருள். நிலைபெறாது ஏறின், விரைவைக் குறைத்து ஒரு சுற்று மெல்ல ஓட்டிக் குளிரவைத்தல் வேண்டும். அங்ஙனமே அடிக்கடி நேரின், குளிர்விக்கும் அமைப்பைச் சேர்த்தலும், எண்ணெயை முந்தி மாற்றுதலும் கடனாம். ஓட்டக்களத்தை என்றும் நாடாதவர்க்கு இக்கருவி வேண்டுவதில்லை. கையேட்டின்படி எண்ணெயைப் பார்த்து மாற்றினாலே அமையும்.

திருமறையில் வரும் பத்துக் கன்னியரும் விளக்குகளைக் கையில் உடையவரே. எண்ணெயைப் பற்றி முன்னரே சிந்தித்தவர் ஐவரே. காரினுட் கருவி உடைமையும் விளக்கு உடைமை போன்றதே. உணரி, அட்டவணை, இடம், கம்பி, தேர்வு என்னும் ஐந்தும் ஒத்து நிற்பின், கண்ணுக்குப் புலனாகாத பெட்டியினுள் நிகழ்வதை ஓட்டுபவர் காலத்தே அறிவர். இவற்றுள் ஒன்று பிழைப்பினும் முகப்பில் ஒளிரும் எண் வெறும் அணியே.